பழைய பள்ளிவாசல் சுவரில் சிமெண்ட் பூசும் முன்

தொழுகைத் திசையைக் காட்டும் சுவர் மாடமான மிஹ்ராபுக்கு இடது பக்கம், இடுப்பு உயரத்தில் ஒரு டைல்ஸை உளியால் நெம்பி எடுத்தேன். அதோடு ஒட்டியிருந்த சிமெண்ட் பூச்சும் சேர்ந்தே கையில் வந்தது. பின்னால் செங்கல் முழுக்கக் கோதுமை மாவைத் தூவியது போல உப்புப் பூத்திருந்தது. நகத்தால் கீறினேன். ஈரச் சர்க்கரை மாதிரி உதிர்ந்தது.

"மூணு தடவை பூசிட்டோம் சார். அப்புறமும் ஈரம் ஏறுதுன்னுதான் போன வருஷம் டைல்ஸ் போட்டோம்" என்றார் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி. ஊரில் வீடு வீடாக வசூல் செய்த பணம் அது. அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பாலாற்றங்கரையில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். வேலூரில் இருந்துகொண்டு இருபது வருடமாகப் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிறேன். ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் இதே காட்சிதான். கோயில் மண்டபங்களிலும் மிஷன் காலத்துப் பள்ளிக்கூடங்களிலும்கூடப் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தவரை பழைய சுவர்களை அதிகம் கெடுத்தது சிமெண்ட் பூச்சுதான். அத்தனையும் நல்ல மனதோடு செய்தது என்பதுதான் வருத்தம்.

நம் பக்கத்துப் பள்ளிவாசல்களின் கட்டுமானத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் காரணம் புரியும். ஆற்காடு கர்நாடக நவாபுகளின் தலைநகரமாக இருந்த ஊர். 1751ல் கிளைவின் படை 50 நாள் முற்றுகையைத் தாங்கிய கோட்டையின் டில்லி வாசல் இன்றும் அங்கே நிற்கிறது. அந்தக் காலத்து வேலைப்பாட்டைப் பின்பற்றித்தான் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பள்ளிவாசல்கள் எழுந்தன. முன்பக்கம் மூன்றோ ஐந்தோ வளைவுகள், வளைவின் ஓரத்தில் பூவிதழ் வெட்டு. கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன மினாராக்கள், உச்சியில் தாமரை மொட்டு. நான் சொல்லும் பள்ளிவாசலில் கீழே மூன்றடிக்குக் கருங்கல். அதற்கு மேல் ஒன்றரை இஞ்ச் கனம்கூட இல்லாத மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய, இரண்டரை அடி கனச் சுவர்.

இந்தச் சுவர் மூச்சு விடும். சும்மா அழகுக்காகச் சொல்லவில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடும். தண்ணீர் விட்டு நீற்றி, சாந்தாக்கிப் பூசிய பிறகு அதே வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிறது. அப்படி இறுகிய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். மழையில் கொஞ்சம் நனையும், வெயிலில் காய்ந்துவிடும். தரையிலிருந்து ஏறும் ஈரமும் அந்த வழியாகத்தான் ஆவியாகும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் வழி அடைபடுகிறது. வெளியேற முடியாத ஈரம் மேலே மேலே ஏறுகிறது. அதில் கரைந்திருக்கும் உப்பு செங்கல்லின் துளைக்குள்ளேயே படிகமாகி, உள்ளிருந்து அதைப் பிளக்கிறது. நாலடி உயரத்துக்கு டைல்ஸ் போட்டால் ஈரம் ஐந்தாவது அடியில் தலை காட்டும்.

நம் ஊருக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. பாலாற்றுப் படுகையின் பல இடங்களில் நிலத்தடி நீரே உப்பு. 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் வழக்கு நம் மாவட்டத்திலிருந்து போன வழக்குதான். அந்தப் போர்வெல் தண்ணீரிலேயே கலவை கலந்து, அதிலேயே க்யூரிங் செய்தால் சுவருக்கு நாமே உப்பு ஊட்டுகிறோம். பழுது பார்க்கும் வேலைக்கு நான் நல்ல தண்ணீர் லாரி கேட்பது அதனால்தான். "தண்ணிக்கு எதுக்கு சார் தனிச் செலவு?" என்று கேட்காத கமிட்டி இல்லை.

சரி, ஈரம் எங்கிருந்து வருகிறது? உள்ளே நின்று சுவரைப் பார்த்தால் தெரியாது. வெளியே போய்ப் பின்பக்கத் தெருவில் நின்றேன். தொழுகைத் திசையான கிப்லா நமக்கு மேற்கில், கொஞ்சம் வடக்கு சாய்ந்து. அதனால் மிஹ்ராப் சுவர் மேற்குச் சுவர். பெரும்பாலும் ஜன்னல் இருக்காது, பின்னால் ஒரு சந்து இருக்கும், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இங்கே அந்தச் சந்தில் பழைய ரோட்டின் மேலேயே மறுபடி மறுபடி ரோடு போட்டு, பள்ளிவாசல் தரையைவிட முக்கால் அடி உயர்ந்து கிடந்தது. மழைத் தண்ணீர் மொத்தமும் சுவரின் காலடியில் தேங்குகிறது. உள்ளே மூன்று முறை பூசினார்களே தவிர, ஒருவரும் வெளியே வந்து பார்க்கவில்லை.

அதனால் முதல் வேலை வெளியேதான். சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குப் பள்ளம் எடுத்து, ஜல்லி நிரப்பி, வாட்டம் கொடுத்துத் தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்பினோம். உள்ளே டைல்ஸையும் சிமெண்டையும் ஈரம் ஏறிய உயரத்துக்கு மேல் இரண்டடி வரை உரித்தோம். பிறகு சுவருக்குப் பத்துப் போட்டோம். உண்மையிலேயே பத்துதான். களிமண்ணையும் காகிதக் கூழையும் நல்ல தண்ணீரில் குழைத்து, விரல் கனத்துக்கு அப்பி விட்டால், அது காயும்போது செங்கல்லில் உள்ள உப்பை உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்ததும் உரித்துத் தூரப் போட வேண்டும். நான்கு முறை போட்டோம். முதல் பத்தை உரித்தபோது அதன் உள்பக்கம் முழுக்க வெள்ளை. நான்காவதில் அங்கங்கே மட்டும்.

இடையில் ரமலான் வந்தது. சுவர் செங்கல் தெரிய அம்மணமாக நிற்கிறது. "நோம்புக்குள்ள பூசிடலாமே சார், ஜனங்க என்ன சொல்வாங்க?" என்று கமிட்டியில் பேச்சு. அவர்கள் சங்கடம் நியாயமானது. ஆனால் ஈரச் சுவரில் எதைப் பூசினாலும் அந்தக் காசு தண்டம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் இமாமான ஹஜ்ரத்தே எழுந்து, சுவர் ஏன் இப்படி இருக்கிறது என்று ஜமாஅத்துக்கு விளக்கிச் சொன்னார். அந்தச் சுவரைப் பார்த்தபடியே அந்த வருடம் ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் நடந்தது. அக்னி நட்சத்திர வெயில் முழுவதும் சுவரைக் காயவிட்டோம்.

பூச்சுக்கு ஆற்காட்டிலிருந்து வயதான கொத்தனார் ஒருவர் வந்தார். கோயில் வேலையும் செய்வார், பள்ளிவாசல் வேலையும் செய்வார். கடுக்காயையும் வெல்லத்தையும் இரண்டு வாரம் ஊறவைத்த தண்ணீர், நீற்றி மாதக்கணக்கில் தொட்டியில் கிடந்த சுண்ணாம்பு, மணல், சுர்க்கி என்று நாம் சொல்லும் செங்கல் தூள். வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பை இன்னும் நன்றாகக் கரைய வைக்கும், கலவை குழைவாக வரும். கரணையில் கலவையை அள்ளி, கரணையைக் கவிழ்த்துப் பிடிப்பார். விழாமல் ஒட்டி நின்றால்தான் சுவருக்குப் போகும். விழுந்தால், "இன்னும் இடிக்கணும்ப்பா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். மூன்று பூச்சு. கடைசிப் பூச்சை வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்கினார். அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை மட்டும். எனாமல் பெயின்டோ, பிளாஸ்டிக் எமல்ஷனோ அடித்தால் மூச்சு திரும்பவும் அடைபட்டுவிடும்.

மாடிக்குப் போவோம். பழைய மெட்ராஸ் தளத்தில் மரச் சட்டங்களின் மேல் செங்கல்லை விளிம்பில் நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள்கணக்கில் கட்டையால் அடித்திருப்பார்கள். ஒழுகுகிறது என்று அதன் மேலேயே கான்கிரீட் போடுகிறார்கள். பத்துக்குப் பத்து இடத்தில் இரண்டு இஞ்ச் கான்கிரீட் போட்டாலே ஒரு டன்னுக்கு மேல் எடை. நூறு வருடத்து உத்திரம் அதைச் சுமக்க வேண்டும். ஒழுகலுக்குக் காரணம் பல நேரம் மழைத் தண்ணீர் வடியும் தூம்பு அடைபட்டதுதான். புறாக் கூடும் காய்ந்த இலையும் எடுத்துப் போட்டாலே பாதி சரியாகும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், செங்கல்லோடு வந்துவிடும். அடியோடு வெட்டி, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளி, வேரைப் பட்டுப்போக விட்டு, பிறகு அந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள்.

மினாராவில் ஒலிபெருக்கிக்காக அடிக்கும் இரும்பு போல்ட் எனக்குத் தனிக் கவலை. இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு ஊதும், சுண்ணாம்பு வெடிக்கும். திருவல்லிக்கேணியில் வாலாஜா நவாப் குடும்பத்தார் 1795ல் கட்டிய பெரிய பள்ளிவாசலில் மரமும் இரும்பும் சேர்க்கவில்லை என்பார்கள். தனிக் கம்பம் நட்டு அதில் ஒலிபெருக்கியைக் கட்டலாம். அதேபோல், வளைவுகளைக் கண்ணாடியால் அடைத்து ஏ.சி. போடுவதற்கு முன் ஒரு பொறியாளரைக் கேளுங்கள். ஈரம் தங்கும் கட்டடத்தில் காற்றோட்டத்தையும் நிறுத்தினால் பூஞ்சை பிடிக்கும்.

சட்டமும் உண்டு. தொல்லியல் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010ல் செய்த திருத்தத்தின்படி, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது. பழுது பார்க்கவும் அனுமதி வேண்டும். அடுத்த 200 மீட்டருக்கும் அனுமதி கட்டாயம். வேலூர்க் கோட்டையை ஒட்டியிருக்கும் கட்டடங்களின் கமிட்டிகள் கரணையை எடுக்கும் முன் இதை விசாரித்துவிடுவது நல்லது.

அந்தப் பள்ளிவாசலில் ஒரு வளைவின் உச்சியில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தது. இடிக்கத்தான் வேண்டும் என்று முன்பு யாரோ சொல்லியிருந்தார்கள். அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு பக்கமும் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதிவிட்டு வந்தேன். கட்டடம் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். வெள்ளிதோறும் பாங்கு சொல்லும் மோதினார் ஏணி போட்டு ஏறிப் பார்க்கிறார். இரண்டு ஐப்பசி மழை போய்விட்டது. கண்ணாடி அப்படியே இருக்கிறது.