உறுதியில் இல்லாத மொட்டைமாடி: ‘பென்ட்ஹவுஸ்’ வாங்குமுன் பார்க்க வேண்டியவை

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கனடாவிலுள்ள மகன் அனுப்பிய பணத்தில் யாழ்ப்பாணத்தில் உச்சி மாடி வீடு ஒன்றை வாங்கினார். “பென்ட்ஹவுஸ், நல்லூர்க் கோபுரம் தெரியும் தனி மொட்டைமாடி” என்றது விளம்பரம். குடிபுகுந்த மூன்றாம் மாதம் கீழ்மாடிக்காரர் இருவர் தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க மேலே வந்தார்கள். அவருடைய துளசிச் சட்டிகளை ஓரத்துக்கு நகர்த்தினார்கள். மறுநாள் உடுப்புக் காயப்போடக் கயிறும் கட்டிவிட்டார்கள். அவர் உறுதியைத் தூக்கிக்கொண்டு நொத்தாரிசிடம் போனார். உறுதியில் மொட்டைமாடி என்ற சொல்லே இல்லை. கீழ்மாடிக்காரர்மீது பிழையும் இல்லை.

மற்ற நாடுகளில் பென்ட்ஹவுஸ் என்றால் கட்டடத்தின் உச்சியில், சுவரோரத்திலிருந்து சற்று உள்வாங்கி, சுற்றிலும் திறந்த மாடியோடு அமைந்த வீடு. இது விற்பனைக்காரரின் வழக்கு. அமெரிக்காவின் மாதிரிக் கட்டட விதிகளில் அதே சொல் கூரைமேல் லிஃப்ட் இயந்திரமும் தாங்கியும் வைக்கும், ஆள் குடியிருக்காத அறையைக் குறிக்கிறது. எங்கள் நாட்டில் தொடர்மாடி உடைமைக்கு அடிப்படை 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம். அதற்குப் பென்ட்ஹவுஸ் தெரியாது. பதிவுசெய்த கூட்டாதன (கொண்டோமினியம், அதாவது வீடு வீடாகத் தனியுடைமை பிரித்த தொடர்மாடி) வரைபடமும், அதில் இலக்கமிட்ட தனித்தனி அலகுகளும், எல்லோருக்கும் சேர்ந்த பொதுப் பகுதிகளும்தான் அதற்குத் தெரியும். அத்திவாரம், தூண், படிக்கட்டு, லிஃப்ட் போலக் கூரையும் பொதுப் பகுதி.

இதை மனதில் வைத்துக்கொண்டு வரைபடத்தைக் கேளுங்கள். விளம்பரத் தாளில் உள்ள வண்ணப் படத்தைச் சொல்லவில்லை. காணிப் பதிவகத்தில் பதிந்த கூட்டாதன வரைபடத்தின் பிரதி வேண்டும். உங்கள் அலகின் இலக்கத்தைக் கண்டுபிடித்து, மொட்டைமாடி அந்த இலக்கத்துக்குள் அடங்குகிறதா என்று எல்லைக்கோட்டை விரலால் தொட்டுப் பாருங்கள். கோடு உங்கள் வாசற்கதவோடு நின்றுவிட்டால், கதவுக்கு அப்பால் உள்ள கோபுரக் காட்சி எல்லோருடையதும்தான்.

“வரைபடத்தில் இல்லாவிட்டால் என்ன, நாங்கள் கடிதம் தருகிறோம்” என்பார்கள். நிறுவனத்தின் கடிதத்தாளில், முத்திரை குத்தி, “மொட்டைமாடியைப் பாவிக்கும் முழு உரிமையும் உங்களுக்கே” என்று எழுதிக் கையில் தருவார்கள். அந்த ஆசிரியையிடமும் அப்படி ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமிப் படத்தின் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். காணி, கட்டடம் சம்பந்தப்பட்ட உரிமை எதுவும் நொத்தாரிசுமுன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டாலே செல்லும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் தொட்டே இதுதான் நிலை. அந்தக் கடிதத்துக்கு மதிப்பு இல்லை. முற்பணம் கட்டும் உடன்படிக்கைக்கும் இதே விதி பொருந்தும்.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. கூட்டாதன வரைபடமே பதியாமல், “நான்கு பரப்பில் பத்தில் ஒரு பங்கு” என்று காணியின் பிரிக்கப்படாத பங்கை உறுதியாக எழுதித் தந்து, வீடு அதற்குள் அடங்கும் என்று வாயால் சொல்லிவிடுவார்கள். அந்த உறுதியைப் பதியலாம். முத்திரைத் தீர்வையும் கட்டலாம். ஆனாலும் ஐந்தாம் மாடியிலுள்ள அந்த வீடு தனியுடைமையாக உங்கள் பெயரில் எங்கும் இருக்காது. சீதன உறுதிகளும், வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்களின் பங்குகளும், அற்றோணித் தத்துவத்தில் (ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்திடும் அதிகாரத்தில்) போட்ட கையெழுத்துகளும் பின்னிக் கிடக்கும் எங்கள் ஊர்க் காணிகளில் இந்த வழி எவ்வளவு ஆபத்தானது என்று சொல்லத் தேவையில்லை. உறுதியின் அட்டவணையில் அலகின் இலக்கமும் கூட்டாதன வரைபட இலக்கமும் இல்லையென்றால் கையெழுத்து வைக்காதீர்கள்.

அடுத்ததாக, தெருவின் எதிர்ப்பக்கம் நின்று மாடிகளை எண்ணுங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தில் எத்தனை மாடி என்று பாருங்கள். பென்ட்ஹவுஸ் என்று விற்கப்படும் உச்சி வீடு, பிறகு ஏற்றிக் கட்டிய மேலதிக மாடியாக இருந்தால் அதற்கு இணக்கச் சான்றிதழ் கிடையாது. கந்தோர்களில் ‘சீ.ஓ.சீ.’ என்பது இதைத்தான்: கட்டடம் அனுமதித்தபடி கட்டப்பட்டிருக்கிறது என்ற சான்று. அனுமதியில்லாத கட்டுமானத்தை இடிக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் கட்டளை பெறலாம். வாங்கியவருக்கு அப்போது கையில் மிஞ்சுவது நிறுவனத்தின் ரசீதுதான்.

“சீ.ஓ.சீ. வந்துகொண்டிருக்கிறது” என்று சொன்னால், வந்த பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெயரில் வாங்குபவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுப் பிரஜைகளுக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. பிறந்தது உரும்பிராயாக இருந்தாலும், இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்தவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடை இல்லை. கூட்டாதன வீட்டுக்கு விலக்கு உண்டு. ஆனால் முழு விலையும், உறுதி முடிக்கும் முன்னரே, வெளிநாட்டிலிருந்து முறைப்படி வந்த பணமாகச் செலுத்தப்பட வேண்டும். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்மூலம், வந்த காசுக்கு வங்கிப் பதிவு ஏது? பாதியை வங்கியிலும் மீதியை உண்டியலிலும் அனுப்பினால் அந்த விலக்கைக் காட்ட முடியாது. பிரிக்கப்படாத காணிப் பங்குக்கோ இந்த விலக்கே இல்லை.

இந்தத் தாள்களைத் தேடிப் போகும்போதுதான் அலைச்சல் தொடங்கும். கட்டட அனுமதியும் இணக்கச் சான்றிதழும் உள்ளூராட்சி சபையின் கோப்பில் இருக்கும். கூட்டாதன வரைபடத்துக்குச் சான்று வழங்குவது கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை. அதன் தலைமையகம் கொழும்பில். பதிவு காணிப் பதிவகத்தில். அந்த ஆசிரியை ஒரே தாளுக்காக ஒரு கந்தோருக்கு ஆறு தடவை ஏறி இறங்கினார். ஒரு நாள் கோப்பு மேசையில் இல்லை, மறுநாள் உத்தியோகத்தர் லீவு, அடுத்த நாள் “சொந்தக்காரரைக் கூட்டிவாருங்கள்.” எழுபது வயதில் முழங்கால் வலியோடு அந்தப் படிகளில் ஏறியவரிடம் ஒரு கதிரையில் இருக்கச் சொல்லவும் எவருக்கும் தோன்றவில்லை.

வாயால் கேட்டால் வாயால் திருப்பி அனுப்புவார்கள். எழுத்தில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், அந்தக் கட்டடத்தின் அனுமதி வரைபடமும் இணக்கச் சான்றிதழும் வேண்டுமென்று தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பியுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் கிடைத்ததற்கான எழுத்துச் சான்றைக் கையோடு பெறுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

மொட்டைமாடி வரைபடத்தில் உண்மையிலேயே உங்கள் அலகுக்குள் இருந்தால் இன்னொரு கேள்வியை நொத்தாரிசிடம் கேட்டுவிடுங்கள்: மாரியில் தளம் ஒழுகினால் செலவு யாருடையது? பொதுக் கூரையென்றால், வீட்டுச் சொந்தக்காரர் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் எல்லோரிடமும் பணம் சேர்த்துத் திருத்த வேண்டும். உங்களுடையதென்றால் கீழ்வீட்டுக் கூரையில் நீர் சொட்டும்போது அவர்கள் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். தண்ணீர்த் தாங்கிக்குப் போகும் ஏணி எந்த வழியாகப் போகிறது என்பதையும் அன்றைக்கே நேரில் ஏறிப் பாருங்கள்.