ஈசிஆர்ல வீடு கட்டப் போறீங்களா? கடல் பின்பக்கமாவும் வரும்

கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் பிளாஸ்டிக் கவர் நிறைய பேப்பரோட என் ஆபீசுக்கு வந்தாங்க. ரெண்டு பேருமே ரிட்டயர்ட். ஈசிஆர்ல, அதான் கிழக்குக் கடற்கரைச் சாலையில, ரோட்டுக்கு மேற்கால, 2009ல வாங்கிப் போட்ட மனை, இப்ப பையன் காசு அனுப்பறான், கட்டிடலாம்னு கிளம்பிட்டாங்க. "அப்ரூவல் எல்லாம் இருக்கு தம்பி, நீங்க பிளான் மட்டும் போட்டுக் குடுத்தா போதும்"னாங்க. கவரைத் திறந்தா மேலயே ஒரு லேஅவுட் பிரிண்ட், ஓரத்துல அந்தக் கால பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். அதைத்தான் அப்ரூவல்னு நினைச்சு இத்தனை வருஷம் பீரோவுல பூட்டி வச்சிருக்காங்க.

பிளான் சப்மிட் பண்ற வேலையில இருக்கற எங்களுக்கு இது வாராவாரம் பாக்கற காட்சி, அதனால அவங்களுக்கு சொன்னதையே இங்கயும் எழுதிடறேன். சென்னையில, முக்கியமா கடலோரத்துல, அப்ரூவல்ங்கறது ஒரு பேப்பர் இல்ல. உங்க மண்ணைப் பத்திப் பேச நாலு பேருக்கு அதிகாரம் இருக்கு, ஒருத்தர் சரின்னு சொன்னது இன்னொருத்தரைக் கட்டுப்படுத்தாது. எந்த ஆபீசுக்குப் போகணும், எவ்ளோ செலவாகும், இதைத்தான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க. இந்த சர்வே நம்பர் மேல யார் யாருக்கு வாய் இருக்குன்னு யாருமே கேக்கறதில்ல.

முதல்ல அந்த பஞ்சாயத்து ஸ்டாம்ப். கிராமப் பஞ்சாயத்துத் தலைவருக்கு மனைப்பிரிவுக்கு அனுமதி குடுக்கற அதிகாரமே கிடையாது, அது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சிஎம்டிஏ எல்லைக்குள்ள சிஎம்டிஏ வேலை, வெளியில நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டிடிசிபி வேலை. ஆனா வருஷக்கணக்கா "பஞ்சாயத்து அப்ரூவ்ட்"னு போர்டு வச்சு வித்தாங்க, பத்திரமும் பதிவாச்சு, பேங்க் லோன் கேட்டுப் போனப்பதான் பலருக்கு விஷயமே தெரிஞ்சது. 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாதுன்னு தடை போட்டது, அப்புறம் 2017ல அந்த மாதிரி மனையை பணம் கட்டி சட்டப்படி ஆக்கிக்கறதுக்கு வரன்முறை விதிகள் வந்துச்சு. 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி பதிவான மனைக்குத்தான் அந்த வழி. இவங்க பத்திரம் 2009ங்கறதால தப்பிச்சாங்க, பணம் கட்டி வரன்முறை பண்ணிக்கலாம். அதுக்கப்புறம் வாங்கினவங்க கதையே வேற.

அடுத்தது தாலுகா கதை. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி எல்லாம் 2011 அக்டோபர் வரைக்கும் ஊராட்சிதான். அப்ப 42 உள்ளாட்சிகளை சேர்த்து மாநகராட்சி 176 சதுர கிலோமீட்டர்ல இருந்து 426 ஆச்சு, வீட்டு வரியும் கார்ப்பரேஷனுக்குப் போச்சு. ஆனா வருவாய்த் துறை மாறல, மாவட்டம் காஞ்சிபுரமாவே இருந்துச்சு, 2018லதான் சென்னை மாவட்டத்தோட சேர்த்தாங்க. அதனால ஒரே மனைக்கு மூலப்பத்திரத்துல செங்கல்பட்டு மாவட்டம் சைதாப்பேட்டை தாலுகான்னு இருக்கும், பட்டாவுல காஞ்சிபுரம் மாவட்டம்னு இருக்கும், வரி ரசீது சென்னை மாநகராட்சி. மூணும் ஒரே இடம்தான்னு நிரூபிக்கறது உங்க தலையெழுத்து. சர்வே நம்பர் உட்பிரிவாகி மாறியிருந்தா இன்னும் கஷ்டம், கூட்டுப்பட்டான்னா கேக்கவே வேணாம். தனிப்பட்டாவும், மனையோட அளவு காட்டற சர்வே வரைபடமான எஃப்எம்பி ஸ்கெட்சும் கையில வராம நான் இப்பல்லாம் பென்சிலே எடுக்கறதில்ல.

இப்ப பிளானிங் பெர்மிஷன், பில்டிங் பெர்மிட். ரெண்டும் ஒண்ணுன்னு பாதி பேர் நினைக்கறாங்க. பிளானிங் பெர்மிஷன் 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்துல வருது, இந்த மண்ணுல இந்த மாதிரி கட்டடம், இந்த அளவுக்கு வரலாமாங்கறது அதுல முடிவாகுது. பில்டிங் பெர்மிட்டைக் குடுக்கறது உள்ளாட்சி. குழப்பம் எங்க வருதுன்னா, சின்ன வீடுகளுக்கு, அதாவது 10,000 சதுர அடி, 8 வீடு வரைக்கும், சிஎம்டிஏ தன்னோட அதிகாரத்தை உள்ளாட்சிகிட்டயே குடுத்து வச்சிருக்கு. ஜோனல் ஆபீஸ்லயே ரெண்டும் சேர்ந்து வந்துடறதால "கார்ப்பரேஷன் குடுத்துட்டா முடிஞ்சது"ன்னு ஒரு நம்பிக்கை. சிஎம்டிஏவோட அதிகாரத்தைத்தான் அவங்க கடன் வாங்கியிருக்காங்க, கடலோரச் சட்டத்தோட அதிகாரத்தை இல்ல. சிஆர்இசட், அதாவது கடலோர ஒழுங்குமுறை மண்டலம்ங்கறது, 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ மத்திய அரசு போட்ட அறிவிக்கை, 1991ல முதல்ல வந்து 2011லயும் 2019லயும் மாத்தி எழுதினது. அதை மீறி ஜோனல் ஆபீஸ் என்ன சீல் போட்டாலும் அது நிக்காது.

நிக்காதுன்னா எவ்ளோ தூரம் நிக்காதுன்னு கொச்சிக்கு அந்தப் பக்கம் மரடுல பாத்தோம். 2006ல கிராமப் பஞ்சாயத்து குடுத்த பெர்மிட்டை வச்சு காயலோரமா அடுக்குமாடி எழுப்பினாங்க, கடலோர மண்டல ஆணையத்தோட ஒப்புதல் இல்ல. பஞ்சாயத்து நடுவுல நகராட்சியா கூட மாறிடுச்சு, கேஸ் மட்டும் ஓடிட்டே இருந்துச்சு. 2019 மே மாசம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது, 2020 ஜனவரி 11, 12 ரெண்டே நாள்ல நாலு குடியிருப்பு வெடி வச்சு தரைமட்டமாச்சு, டிவியில லைவ். ஃபிளாட் வாங்கினவங்க எல்லாரும் பெர்மிட் நம்பர் பாத்து, லோன் போட்டு, வரி கட்டிக் குடியிருந்தவங்கதான். என்கிட்ட வர்றவங்க யாராவது "லோக்கல்ல பாத்துக்கலாம் சார்"னு ஆரம்பிச்சா அந்த வீடியோவைப் போட்டுக் காட்டிடறது வழக்கம்.

சரி, என் கிளையன்ட் மனைக்கு வர்றேன். அங்க இருந்து பீச் நல்ல தூரம். கடல்ல இருந்து 500 மீட்டர் வரைக்கும் சிஆர்இசட்ங்கற கணக்கு அவங்களுக்கும் தெரிஞ்சிருந்துச்சு, கூகுள் மேப்புல அலை வரைக்கும் அளந்து 500ஐ தாண்டுதுன்னு அந்த அம்மாவோட வீட்டுக்காரர் ஸ்கிரீன்ஷாட் வேற எடுத்து வச்சிருந்தாரு. இதுல ரெண்டு தப்பு. ஒண்ணு, அளக்க வேண்டியது நம்ம கண்ணுக்குத் தெரியற அலையில இருந்து இல்ல, அலை அதிகமா ஏறும்போது தண்ணி தொடற எல்லைன்னு அரசு வரைபடத்துல போட்டிருக்கற உயர் அலைக் கோட்டுல இருந்து. ரெண்டாவது, அவங்க கிழக்க மட்டும் பாத்துட்டாங்க. மனைக்கு மேற்கால பக்கிங்காம் கால்வாய் ஓடுது. அது தெற்க போய் முட்டுக்காடு கழிமுகத்துல சேருது, அங்க இருந்து கடல் தண்ணி ஏறி வரும். ஓதம் ஏறி இறங்கற ஆறு, கால்வாய், கழிமுகம் எல்லாத்துக்குமே சிஆர்இசட் உண்டு, கோடை உச்சத்துல தண்ணியில உப்பு எது வரைக்கும் ஏறுதுன்னு பாத்து எல்லையை முடிவு பண்றாங்க. கரையில இருந்து 2011 அறிவிக்கைப்படி 100 மீட்டர், 2019 படி 50 மீட்டர், இல்லைன்னா அந்த நீர்நிலையோட அகலம், எது கம்மியோ அது. அடையாறு, கூவம் கழிமுகப் பக்கம் வீடு வச்சிருக்கறவங்களுக்கும் இதே கணக்குதான், கடலையே பாக்காத தெருவுல கூட வரும்.

அண்ணா பல்கலைக்கழகத்துல இருக்கற ரிமோட் சென்சிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அங்கீகாரம் பெத்த இடத்துல 1:4000 அளவு மேப்புல நம்ம சர்வே நம்பரை ஏத்திக் குடுப்பாங்க. அது வந்து பாத்தா கால்வாய்க் கோடு மனையோட பின்மூலையை சீவிட்டுப் போகுது. அந்த அம்மா மேப்பை ரொம்ப நேரம் பாத்துட்டு "அங்கதான் தம்பி பூஜை ரூம் நினைச்சிருந்தேன்"னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

கோட்டுக்குள்ள வந்துட்டா ஒண்ணுமே கட்ட முடியாதுன்னு இல்ல. நகரமா வளர்ந்துட்ட பகுதி சிஆர்இசட் 2ல வரும், அங்க ஏற்கனவே இருக்கற ரோட்டுக்கோ அனுமதி பெத்த கட்டடத்துக்கோ நிலப்பக்கமா கட்டலாம். கடல் பக்கமா புதுசா ஒரு ரோட்டைப் போட்டுட்டு அதுக்கு இந்தப் பக்கம்தானே இருக்கேன்னு சொன்னா எடுபடாது, இந்த தந்திரத்தை நிறைய பேர் பண்ணிப் பாத்துட்டாங்க. கிராமப் பகுதி, சிஆர்இசட் 3, அங்க கடலை ஒட்டி கட்டவே கூடாத பட்டி ஒண்ணு இருக்கு, 2011 படி 200 மீட்டர். 2019ல மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2161க்கு மேல இருந்தா அதை 50 மீட்டரா குறைச்சாங்க. எந்த அறிவிக்கையோட மேப் உங்க ஊருக்கு இப்ப நடைமுறையில இருக்குன்றதை எழுத்துல கேட்டு வாங்குங்க, புரோக்கர் எப்பவும் தனக்கு வசதியான நம்பரைத்தான் சொல்வாரு.

2024 ஜூலையில வந்த சுயசான்று திட்டத்தைப் பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. 2,500 சதுர அடி வரைக்கும் மனை, 3,500 சதுர அடி வரைக்கும் கட்டடம், தரைத்தளம் மட்டும் இல்லைன்னா அதுக்கு மேல ஒரு மாடி, ஆன்லைன்ல போட்டா உடனே அனுமதி. நல்ல திட்டம், தாம்பரம் பக்கம், ஆவடி பக்கம் நானே போட்டுக் குடுத்திருக்கேன். ஆனா சுயசான்றுன்னா என்ன, நீங்க எழுதிக் குடுக்கறதை நம்பி குடுக்கறாங்க, அவ்ளோதான். யாரும் முன்னாடியே வந்து பாக்காததால தப்பு முன்னாடியே பிடிபடாது, பேஸ்மென்ட் போட்டு லிண்டல் லெவல் வந்தப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பெட்டிஷன் போட்டாரு, அப்ப வருவாங்க. கையெழுத்து உங்களோடது. கடலோரத்துல நான் இதைத் தொடறதில்ல, ஃபைல் லேட் ஆனாலும் பரவால்ல. இப்படி சொல்றதால சில கிளையன்ட் வேற ஆளைப் பாத்துட்டும் போயிருக்காங்க.

இதுக்கு மேலயும் வாய் உள்ளவங்க இருக்காங்க. கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவுல இருக்கற மணல் நிலத்தடி நீர் ஊறுற பகுதி, விதிகள்ல அதுக்கு தனிக் கட்டுப்பாடு உண்டு, மத்த இடத்துல கிடைக்கற எஃப்எஸ்ஐ 2ஐ, அதாவது மனை அளவைப் போல ரெண்டு மடங்கு கட்டலாம்ங்கறதை நினைச்சுட்டு மனைக்கு விலை பேசாதீங்க. ஓஎம்ஆர் பக்கம் போனா பள்ளிக்கரணை சதுப்பு நிலம், 2022ல ராம்சார், அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற பட்டியல்ல சேர்ந்தது, 2025ல பசுமைத் தீர்ப்பாயம் அதை சுத்தி 1 கிலோமீட்டருக்குப் புது அனுமதி குடுக்காதீங்கன்னு நிறுத்தி வச்சது. அட்வான்ஸ் குடுத்துட்டு இருந்தவங்க பாடு என்னன்னு யோசிச்சுப் பாருங்க. உத்தண்டி தாண்டினா முட்டுக்காடு, கோவளம், செங்கல்பட்டு மாவட்டம், மறுபடி கிராமப் பஞ்சாயத்து. சிஎம்டிஏ பாக்கற பெருநகர எல்லையை 1,189ல இருந்து 5,904 சதுர கிலோமீட்டரா விரிச்சு 2022ல அரசாணை வந்ததால அங்க வாங்கறவங்க எந்த ஆபீஸ் தங்களுக்கு ஃபைல் நம்பர் குடுக்கும்னு முதல்லயே தெரிஞ்சுக்கணும்.

அந்த மனைக்கு கடைசியில பின்மூலையை காலியா விட்டுட்டு வீட்டை முன்னாடி தள்ளினோம், கார் பார்க்கிங் சுருங்கிச்சு, பூஜை ரூம் மாடிப்படிக்குக் கீழ வந்துச்சு. மனையில ஒரு துண்டு கோட்டுக்குள்ள இருந்ததால ஃபைல் கடலோர மண்டலக் கமிட்டி வழியாவும் போய்ட்டு வந்துச்சு, வரன்முறை எல்லாம் சேர்த்து ஒரு வருஷத்துக்கிட்ட ஆச்சு. இப்ப ரூஃப் போட்டாச்சு.

போன மாசம் அந்த அம்மாவோட வீட்டுக்காரர் ஃபோன் பண்ணினாரு. அவரோட மச்சினருக்கு கோவளம் பக்கம் ஒரு மனை வந்திருக்காம், பீச் வியூ, பஞ்சாயத்து அப்ரூவ்டுன்னு புரோக்கர் சொல்றாராம், நாளைக்கே அட்வான்ஸ் கேக்கறாங்களாம். "சர்வே நம்பரை மட்டும் வாங்கி அனுப்பச் சொல்லுங்க சார், மேப்புல ஏத்திப் பாத்துடலாம்"னேன். இது வரைக்கும் வாட்ஸ்அப்புல லொகேஷன் பின்னும் சூரிய உதயம் ஃபோட்டோ நாலும்தான் வந்திருக்கு.