விஷயம் தெரிந்தவர் சொன்னால் ஏன் விளங்குவதில்லை?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் மாமாவிடம் வழி கேட்டால், 'ஐந்துலாம்புச் சந்தியில இறங்கி அப்படியே உள்ளுக்கு வா' என்கிறார். எந்த உள்ளுக்கு? உள்விபரம் தெரிந்த ஆட்கள் ஏன் இப்படி?"

மாமா எதையும் ஒளிக்கவில்லை. பழகப் பழகப் பல சிறு படிகளை மூளை ஒரே பொதியாகக் கட்டிவிடுகிறது. அவருக்கு அந்தத் திருப்பங்கள் இப்போது தனித்தனியாகத் தெரிவதில்லை. சதுரங்க வல்லுநர்கள் பலகையை ஒருமுறை பார்த்தே காய்களை நினைவில் வைப்பதும் இப்படித்தான். காய்களைக் கண்டபடி பரப்பி வைத்தால் அந்தத் திறமை பெரும்பாலும் போய்விடுகிறது.

சரி, அடுத்தவருக்கு அது தெரியாது என்பதாவது உறைக்க வேண்டாமா? 1990இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் செய்த சோதனையை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஒருவர் பிரபலமான பாட்டொன்றை மேசையில் விரலால் தட்ட, எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியாவது பிடிபடும் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120இல் பிடிபட்டவை வெறும் 3!

தட்டுகிறவரின் தலைக்குள் மெட்டு, வரிகள், வாத்தியம் எல்லாம் சேர்ந்து ஓடுகின்றன. கேட்பவருக்கு வருவது டொக்... டொக்டொக். மெட்டை நினைக்காமல் ஒரு பாட்டைத் தட்டிப் பாருங்கள், லேசில் முடியாது. தெரிந்த பாட்டை நடுவில் சில விநாடி நிறுத்தினாலும் கேட்பவரின் மூளையில் ஒலியை உணரும் பகுதி தொடர்ந்து இயங்குவதை 2005இல் ஸ்கேனில் பார்த்தார்கள். ஆகவே தட்டுகிறவருக்கு அந்த மெட்டு கிட்டத்தட்ட நிஜமாகவே கேட்கிறது. எதிரில் இருப்பவர் விழிக்கும்போது, 'இதுகூடத் தெரியாதா' என்று அவருக்கு எரிச்சல்தான் வருகிறது.

உயர்தர டியூஷன் வகுப்புகளில் இந்த எரிச்சலைத் தாராளமாகப் பார்க்கலாம். பாடத்தில் புலியாக இருப்பவர் நன்றாகப் படிப்பிப்பார் என்று நாமாகவே முடிவுகட்டி, படிப்பிக்கும் முறையைப் பற்றிய ஆய்வுக்குக் காசு ஒதுக்காமல் விடுகிறோம். எனக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது.

காசு பணயத்தில் இருந்தால் மனிதர் திருந்துவாரா? 1989இல் கேமரர், லோவன்ஸ்டைன், வெபர் என்ற மூவர் இதைச் சோதித்தார்கள். நிறுவனங்களின் உண்மையான வருமானம் தெரிந்தவர்கள், அது தெரியாதவர்கள் என்ன மதிப்பிட்டிருப்பார்கள் என்று கணிக்க வேண்டும். தமக்குத் தெரிந்ததை ஒதுக்கி வைத்தால்தான் லாபம். அப்படியிருந்தும், அந்தக் கணிப்புகளை வைத்து ஒருவரோடொருவர் வாங்கி விற்கும் சந்தைப் போட்டி, தெரிந்ததை ஒதுக்க முடியாத இந்தக் கோளாறை ஏறக்குறையப் பாதியளவுதான் குறைத்தது.