மேல்வாய்க்காலில் கழுவிய மருந்து எந்த வயலுக்கு வரும்?

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் கமம் செய்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். மேலே யாரோ மருந்தடித்த மெசினை வாய்க்காலில் கழுவினால், அது எந்தெந்த வயலுக்கு வரும் என்று அறிய வயல் வயலாகப் போய்த் தண்ணீரை மணந்து பார்க்கத் தேவையில்லை. எந்த வாய்க்கால் எதில் விழுகிறது என்று தெரிந்த பெரியப்பா வரம்பில் இருந்தபடியே சொல்லிவிடுவார். மென்பொருளில் பிழை தேடும் அருமையான ஒரு முறையும் இதே கணக்குத்தான்.

1972ல் பிரான்சின் மார்செய் நகரில் அலன் கொல்மரோவரும் பிலிப் ரூசெலும் உருவாக்கிய புரொலொக் என்ற நிரல்மொழியில், தெரிந்த உண்மைகளையும் விதிகளையும் எழுதிவிட்டுக் கேள்வி கேட்கிறோம். அதன் எளிய தம்பி டேட்டாலொக். இப்படி எழுதலாம் (துரிசு என்பது குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் மதகு; ':-' என்றால் 'வலப்பக்கம் உண்மையானால் இடப்பக்கமும் உண்மை'):

பாயும்(துரிசு, பெரியவாய்க்கால்).
பாயும்(பெரியவாய்க்கால், கிளைவாய்க்கால்).
பாயும்(கிளைவாய்க்கால், வயல்).
சேரும்(அ, ஆ) :- பாயும்(அ, ஆ).
சேரும்(அ, இ) :- பாயும்(அ, ஆ), சேரும்(ஆ, இ).

கடைசி வரி சொல்வது: அ-விலிருந்து ஆ-வுக்குப் பாய்ந்து, ஆ-விலிருந்து இ-க்குப் போய்ச் சேருமென்றால், அ-விலிருந்தும் இ-க்குச் சேரும். புதிதாக ஒன்றும் கிடைக்காத வரை கணினி இந்த விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும். பெயர்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, அதனால் வாய்க்கால் வளைந்து வந்து தன்னிலேயே விழுந்தாலும் வேலை ஒருநாள் நிற்கத்தான் செய்யும்.

சரி, வாய்க்காலுக்குப் பதில் நிரலின் மாறிகளை, அதாவது மதிப்புகளை வைத்திருக்கும் பெயர்களை, வையுங்கள். நெல் வாங்கும் சங்கமொன்றின் புரோகிராமில் கமக்காரரின் பெயரைத் தட்டும் பெட்டி இருக்கிறது. அந்தப் பெயர் ஒரு மாறிக்குப் போய், அங்கிருந்து ஒரு செயற்கூறுக்குள் (நிரலின் ஒரு தனி வேலைப்பகுதிக்குள்) நுழைந்து, கடைசியில் தரவுத்தள வினவலோடு, அதாவது பதிவுகளைக் கேட்கும் கட்டளையோடு, அப்படியே ஒட்டப்படுகிறது. யாராவது பெயருக்குப் பதில் ஒரு மேற்கோள்குறியையும் கட்டளையையும் தட்டினால் பதிவுகளே அழிந்து போகலாம். ஒன்றின் மதிப்பை இன்னொன்றுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு 'பாயும்' உண்மை; உள்ளீட்டைச் சுத்தம் செய்யும் இடத்தில் மட்டும் அந்த உண்மையை எழுதாமல் விடுகிறோம். அப்புறம் ஒரே கேள்வி: சேரும்(பெயர்ப்பெட்டி, வினவல்)? ஆம் என்று வந்தால் ஓட்டை இருக்கலாம், உடனே போய்ப் பார்க்க வேண்டும். பத்துப் பெயர் தட்டிச் சோதித்தால் அந்தப் பத்தைப் பற்றித்தான் தெரியும், இங்கே எல்லா வழியும் ஒன்றாக அகப்படுகிறது. ஜாவா மொழி நிரல்களை ஆராயும் டூப் என்ற கருவியும், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் கோட்கியூஎல் கருவியும் டேட்டாலொக் வழியில் வந்தவைதான்.

ஒரு குறை உண்டு. நிபந்தனையின் இரண்டு கிளையும் ஓடும் என்றே இது எடுத்துக்கொள்ளும், பூட்டிய துரிசையும் திறந்ததாக நினைப்பது போல. அதனால் பொய் எச்சரிக்கை வரும். எந்த நிரலைக் கொடுத்தாலும் அதன் நடத்தையைப் பிழையின்றித் தீர்த்துச் சொல்லும் பொது முறை இருக்க முடியாது என்று ரைஸ் என்ற கணிதவியலாளர் 1953லேயே நிறுவிவிட்டார். தவறவிடுவதைவிட வீணாகக் கத்துவது மேல் என்பது என் எண்ணம்.

எண்கள் வந்தால் விதியோடு '10-க்குக் குறைவு' போன்ற கட்டுப்பாடும் சேரும். தர்க்க நிபந்தனைகளைத் தீர்க்கும் இசட்3 போன்ற கருவிகள் அதைப் பார்த்துக்கொள்கின்றன. வான்கதவைப் படிப்படியாகத் திறக்கும் ஒரு சுழற்சியை நினையுங்கள்: படி 0-வில் தொடங்குகிறது, 10-க்குக் குறைவாக இருக்கும்வரை ஒன்று கூடுகிறது. கருவி தேடிப் பிடிப்பது 'படி எப்போதும் 0 முதல் 10 வரைதான்' என்ற ஒரு வாக்கியத்தை. தொடக்கத்தில் அது உண்மை. 9-ல் ஒன்று கூடினால் 10, அதன்பின் சுழற்சிக்குள் நுழைய வழியில்லை, ஆகவே 11 வரவே வராது.