சுவரில் ஓதம், மனதில் ஒரு குரல்: பழைய வீட்டை உடைக்குமுன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் குடியிருப்பு தொடங்கியது 1964-ல். இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய சட்டம் கேட்டோ மேனரிலிருந்தும் டர்பனின் மற்றப் பகுதிகளிலிருந்தும் பெயர்த்த குடும்பங்களுக்கு, பெரும்பாலும் இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டிக் கொடுத்த வீடுகள் அவை. மூத்த வீடுகளுக்கு இப்போது அறுபது வயது தாண்டிவிட்டது. தாத்தா சேர்த்த சமையலறை, அப்பா போட்ட கார் கொட்டகை, பேரன் திட்டம் போடுகிற மாடி என்று ஒவ்வொரு தலைமுறையும் அந்த அடித்தளத்தின்மேல் எதையாவது ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறது. விசுவாசக் குடும்பங்களில் அந்த வேலை பல சமயம் ஒரே பேச்சில்தான் ஆரம்பிக்கிறது: "பாஸ்டர், ஆண்டவர் பேசிட்டார், வீட்டைப் பெரிசாக்கப் போறோம்."

பேசியிருக்கலாம். அதை மறுப்பது நம் வேலையில்லை. ஆனால் பழைய கட்டடங்களைப் பார்த்துச் சொல்கிறவர்கள் இதைக் கேட்டதும் இரண்டு விஷயம் விசாரிப்பார்கள். சுவரை யார் பார்த்தது? பேசியது ஆண்டவர்தான் என்று யார் சோதித்தது?

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் அடிக்கடி வருகிற வசனம் ஏசாயா 54:2. "உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு" என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அதே வசனம் முளைகளை உறுதிப்படுத்தச் சொல்லித்தான் முடிகிறது. விரித்த கூடாரம் பழைய முளையில் நிற்காது என்பது கூடாரம் போட்டவனுக்குத் தெரியும். ஒரு மாடி வீட்டுக்குத் தோண்டிய அடித்தளத்தின்மேல் இன்னொரு மாடி ஏற்றுமுன், அடித்தளத்தின் அகலத்தையும் ஆழத்தையும் ஒரு மூலையிலாவது தோண்டிப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர் சொல்வதும் இதையேதான்.

வீடு பழுதுபார்ப்புக்கென்றே வேதத்தில் ஒரு பகுதி உண்டு, பிரசங்கத்தில் அதைக் கேட்பது அபூர்வம். லேவியராகமம் 14:33 முதல் 53 வரை. வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிந்த கறை தென்பட்டால், வீட்டுக்காரன் தானாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. தோஷம்போல் தோன்றுகிறது என்று மட்டும் ஆசாரியனிடம் போய்ச் சொல்கிறான். ஆசாரியன் வருமுன் வீட்டுச் சாமான்களை வெளியே எடுக்கிறார்கள். அவன் பார்க்கிறான், வீட்டை ஏழு நாள் அடைக்கிறான், மறுபடி வந்து கறை பரவியதா என்று பார்க்கிறான். பரவியிருந்தால் கெட்ட கல்லை மட்டும் பெயர்த்து, உட்புறம் சுற்றிலும் சுரண்டி, கல்லையும் மண்ணையும் ஊருக்கு வெளியே அதற்குரிய இடத்தில் கொட்டி, வேறு கல் வைத்துப் பூசுகிறார்கள். அதற்குப் பிறகும் திரும்ப வந்தால்தான் இடிப்பு. இன்றைய ஈரச் சுவருக்கு இதைவிட நல்ல வரிசை எந்தக் கையேட்டிலும் இல்லை. மனதில் எழும் குரலுக்கும் இதே வரிசை பொருந்தும்.

முதலில் சுவர். ஓதம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் காரணம் நான்கு வகைப்படும். கறையைப் பார்த்து மட்டும் எது என்று சொல்ல முடியாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் பொதுவாக ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும், அதன் மேல்விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் தனியாகத் தெரியும் கறை பெரும்பாலும் மழை உள்ளே வருவதால் வந்தது. ஜன்னல் ஓரம், கூரை விளிம்பு, வெளிப்பூச்சின் விரிசல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் பூஞ்சணம் பிடித்தால் அது வீட்டுக்குள்ளிருக்கும் நீராவி குளிர்ந்த சுவரில் படிவது. டர்பன் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். அதோடு மூடிய ஜன்னல், கொதிக்கும் பானை, அறைக்குள் உலரும் துணி எல்லாம் சேர்ந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நான்காவது குழாய்க் கசிவு. சீலிங்கில் கறை வட்டமாக இருந்தால் கூரைக்கடியில் உள்ள கீசருக்குக் கீழே தட்டு இருக்கிறதா, அதன் வடிகுழாய் வெளியே போகிறதா என்று பாருங்கள்.

பிரித்தறிய அதிகச் செலவில்லை. 30 சென்டிமீட்டர் சதுர அலுமினியத் தாளை ஈரச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறைப் பக்கத்தில் துளி நின்றால் நீராவி. தாளுக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் கட்டினால் அது சுவர் வழியாக வருகிறது. கசிவுக்கு, இரவு படுக்குமுன் எல்லாக் குழாயையும் மூடி மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, காலையில் ஒரு சொட்டு எடுக்குமுன் மறுபடி பாருங்கள். எண் மாறியிருந்தால் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது.

தரை ஈரம் என்று தெரிந்தால், உள்ளே எதையும் தொடுமுன் வெளியே போய் நில்லுங்கள். சுவரின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் படலம், டி.பி.சி. என்பது, இருக்கும். அது வெளித்தரைக்கு மேலே 150 மி.மீ.யாவது இருக்க வேண்டும். சாட்ஸ்வொர்த் முற்றங்களில் இதுதான் தொலைந்து போயிருக்கிறது. முதலில் மண், அதன்மேல் சிமென்ட், அதன்மேல் கார் நிற்க பேவிங் என்று அறுபது வருடத்தில் தரை ஏறி, படலம் அதற்குக் கீழே புதைந்துவிட்டது. இன்னொரு கோளாறு வெளிப்பூச்சைத் தரை வரைக்கும் இழுத்துப் பூசுவது. பூச்சு வழியாக ஈரம் படலத்தைத் தாண்டி ஏறிவிடும். முற்றத்தை ஓரமாக வெட்டி இறக்கினாலே பாதிச் சுவர்கள் தானாகக் காயும். துளை போட்டு ரசாயனம் ஏற்றும் வேலை அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியது, முதலில் விற்கப்படுவதோ அதுதான்.

ஆகவே பார்க்கிறவர் யார் என்பது முக்கியம். லேவியராகமத்து ஆசாரியன் கல் வியாபாரி இல்லை. ஈரத்துக்கு மருந்து விற்கிறவரையே கூப்பிட்டு என்ன ஈரம் என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேலை எடுக்காத ஒருவரிடம் காசு கொடுத்து அறிக்கை வாங்குங்கள்.

கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஏழு நாளில் கசிவு தன்னைக் காட்டிக்கொடுக்கும், மழை ஈரத்துக்கு ஒரு நல்ல மழை வேண்டும். விரிசலுக்கு அதுவும் போதாது. இரு முனையிலும் குறுக்குக் கோடு, தேதி, அகலம். ஒரு மி.மீ.க்குக் கீழே இருந்து மூன்று மாதத்தில் அசையவில்லை என்றால் அடைத்துப் பெயின்ட் அடிக்கலாம். ஐந்து மி.மீ.யைத் தாண்டினாலோ, ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் செங்கல் இணைப்பு வழியே இறங்கினாலோ பொறியாளர் வேண்டும். டர்பன் மேடுகளில் பல இடத்தில் இருக்கும் பெரியா (Berea) என்ற செம்மணல் காய்ந்திருக்கும்போது கெட்டி, நனைந்தால் பிடிப்பு விட்டுவிடும். கூரைத் தண்ணீர் அடித்தளத்தின் ஓரத்திலேயே விழுகிற வீடுகளில் அடி இறங்குவது அதனால்தான். 2022 ஏப்ரல் மழையில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகும், வடிதுளை இல்லாத தாங்குசுவர்கள் எழும்பிக்கொண்டுதான் இருக்கின்றன. சுவருக்குப் பின்னால் ஜல்லியும், தண்ணீர் வெளியேறக் குழாயும் இல்லாவிட்டால் மண்ணோடு தண்ணீரின் கனத்தையும் அந்தச் சுவர் தாங்கியாக வேண்டும்.

சுரண்டும் வேலைக்கு ஒரு எச்சரிக்கை. உப்பு ஏறிய பூச்சு திரும்பத் திரும்ப ஈரத்தை இழுக்கும். அதனால் கறையின் மேல்விளிம்புக்கு மேலே 300 மி.மீ. வரை உரித்துவிட வேண்டும். உரித்த சுவர் காய, கனத்தில் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் சுமார் ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. அதைப் பொறுக்காமல் ஜிப்சம் பூச்சு போட்டால் அது ஊறி உதிரும். வெளிப்பூச்சுக்கு 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்கு மூன்று தள்ளுவண்டி மணல் போதுமான கலவை. பலமாக இருக்கட்டும் என்று சிமென்டைக் கூட்டினால் பூச்சு சுருங்கி வெடிக்கும். கடல் மணல் வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது. புதுப் பூச்சின்மேல் பெயின்ட் அடிக்க 28 நாளாவது பொறுங்கள்.

கூரைதான் ஆபத்து. பழைய ஷீட், ஓரப்பலகை, மழைநீர்க் குழாய் எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவையாக இருக்கலாம். தென்னாப்பிரிக்கா அதைத் தடைசெய்தது 2008-ல், அதற்குமுன் போட்டவை இன்னும் தலைக்குமேல் இருக்கின்றன. உடையாமல் இருக்கிற ஷீட் அமைதியாகக் கிடக்கும். கிரைண்டரால் அறுப்பது, துளைப்பது, கம்பி பிரஷால் தேய்ப்பது, பிரஷர் மெஷினால் பாசி கழுவுவது, இவைதான் தூசியைக் கிளப்பும். சனிக்கிழமை சபை வாலிபர்கள் கூடி ஷீட்டை இறக்கிக் கொடுக்கிற ஐக்கியம் நல்லதுதான், இந்த ஒரு வேலைக்கு மட்டும் வேண்டாம். 2020-ன் விதிகள்படி பதிவுபெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்ததாரரிடம் கொடுங்கள். கழிவு அதற்கென்று அனுமதித்த குப்பைக் கிடங்குக்கே போக வேண்டும், பக்கத்துப் பள்ளத்துக்கு அல்ல.

அடுத்தது அனுமதி. 1977-ன் கட்டடச் சட்டப்படி நகராட்சி ஒப்புதல் இல்லாமல் வீட்டில் சேர்க்கவோ மாற்றவோ கூடாது. 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடத்துக்கு, விண்ணப்பம் முழுமையாக இருந்தால், 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஒப்புதல் கிடைத்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் காலாவதியாகும். இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் சிக்கல் ஒன்று: 60 வயது கடந்த கட்டடத்தை மாற்றவோ இடிக்கவோ மாகாணப் பாரம்பரியத் துறையின் அனுமதி வேண்டும். குவாசுலு-நட்டாலில் அது அமாஃபா. 1964 வீடுகள் 2024-லேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. ஒட்டு வீட்டில் நடுச்சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது, அதில் கை வைக்குமுன் அண்டை வீட்டாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

நகராட்சி தாமதித்தால் "சத்துரு தடை பண்றான்" என்கிறார்கள். மாடியில் கைப்பிடி கேட்கிற இன்ஸ்பெக்டரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். விதி கேட்பது இதுதான்: ஒரு மீட்டருக்கு மேல் இறக்கம் உள்ள இடத்தில் ஒரு மீட்டர் உயரக் கைப்பிடி, அதன் இடைவெளியில் 100 மி.மீ. பந்து நுழையக் கூடாது. உபாகமம் 22:8 புது வீட்டு மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டச் சொல்வதும், ஒருவன் விழுந்து அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வராதிருக்கத்தான். இந்தக் காரியத்தில் ஆண்டவரின் குரலும் இன்ஸ்பெக்டரின் குரலும் ஒன்று.

இனி உள்ளத்தில் எழும் குரல். சுவர்க் கறைபோலவே இங்கேயும் வெளித்தோற்றம் ஒன்று, காரணம் பல. அக்கா வீட்டில் மாடி எழும்பியதும் வந்த ஆசை, அம்மாவைச் சின்ன அறையில் வைத்திருக்கிறோமே என்ற குற்றவுணர்வு, மகன் கேப் டவுனுக்குப் போய்விடுவானோ என்ற பயம், தேவனுடைய நடத்துதல், நான்கும் ஜெபத்தில் ஒரே மாதிரி அழுத்தும். "ஆண்டவர் சொன்னார்" என்பதற்குப் பதிலாக "ஆண்டவர் சொல்வதாகத் தோன்றுகிறது" என்று முதல் ஒரு மாதம் பேசிப் பாருங்கள். அப்படிப் பேசினால் மற்றவர்கள் கேள்வி கேட்க இடம் கிடைக்கும். 1 தெசலோனிக்கேயர் 5:21 எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. அதற்கு முந்தின வசனம் தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருக்கச் சொல்கிறது. சோதிப்பது அவமதிப்பு இல்லை என்பதற்கு இந்த இரண்டும் அடுத்தடுத்து இருப்பதே போதும்.

சாமான்களை வெளியே எடுப்பது இங்கே ஒரு தாளில் எழுதுவது. யார் பார்க்க இந்த மாடி? எவ்வளவு கடன்? எந்தச் செலவை வீட்டுக்காரிக்கு இன்னும் காட்டவில்லை? கணவன் மனைவிக்குள் மறைத்து வைத்தால்தான் நடக்கும் என்கிற திட்டத்துக்கு மேற்கொண்டு சோதனை தேவையில்லை. எழுதியதை, இதில் லாபமில்லாத ஒருவரிடம் கொடுங்கள். வேலை எடுக்கப் போகும் சபைச் சகோதரர், அந்த அறையில் குடிவரப் போகும் மைத்துனர், "உன் எல்லை விரிவாகும்" என்று சொல்லிக் காணிக்கை வாங்கிப் போன ஊழியர், மூவரும் இதற்கு ஆகமாட்டார்கள்.

அடையாளங்களில் இரண்டை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். வங்கி கடன் கொடுத்தது திறந்த வாசல் அல்ல. வங்கி பார்த்தது உங்கள் சம்பளச் சீட்டையும் தன் வட்டியையும். மற்றொன்று முன்பணம் கட்டிய இரவில் வரும் சமாதானம். முடிவெடுக்க வேண்டிய பாரம் இறங்கினாலே மனம் அடங்கிவிடும், தப்பான முடிவுக்கும் அப்படித்தான். பணம் கட்டுமுன் இருந்த சமாதானம், எஸ்டிமேட் கைக்கு வந்த பிறகும் நிற்கிறதா என்று பாருங்கள். கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான் என்று லூக்கா 14:28-ல் இயேசு சொன்னபோது கணக்கு அவிசுவாசம் என்று சொல்லவில்லை. பழைய வீட்டில் எஸ்டிமேட்டின்மேல் 15 முதல் 20 சதவீதம் ஒதுக்கி வையுங்கள். பூச்சை உரித்த பிறகுதான் தெரியும் விஷயங்களுக்கு அது.

பணம் கொடுப்பதில் தாட்சணியம் வேண்டாம். பாதிப் பணத்தை முன்பே கேட்கிற ஒப்பந்ததாரர் எந்தச் சபையாக இருந்தாலும் சரி, சாமானைக் கடையில் நீங்களே வாங்கிக் கொடுங்கள், கூலியை முடிந்த வேலைக்குக் கொடுங்கள். டர்பனில் பெருமழை ஆண்டுக் கடைசியில் தொடங்கும் கோடையில். ஈர வேலையை மே முதல் ஆகஸ்ட் வரைக்குள் முடித்து, கடைசி 10 சதவீதத்தை நவம்பர் மழை ஒன்று நன்றாகப் பெய்த பிறகு கொடுப்பதாக ஆரம்பத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மழை விட்ட மறுநாள், பழைய பென்சில் கோடு இருந்த உயரத்தில் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரமில்லை என்றால் மீதியை அன்றே கொடுத்துவிடுங்கள்.