படிக்காத மெசேஜுக்கு நீல டிக்

குமுளியில் செல்போன் சர்வீஸ் கடை நடத்துகிறேன். ஓரமாக ஒரு ஜெராக்ஸ் மெஷினும் ஓடுகிறது. கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு வரும் அக்கா ஒருவர் ஒரு நாள் போனை நீட்டினார்.

"தம்பி, மக கோயம்புத்தூர்ல இருந்து சண்டை போடுறா. படிச்சிட்டு ஏம்மா பதில் போடலைன்னு கேக்குறா. தோட்டத்துல சிக்னலே கிடையாது. நான் பாக்காம நீல டிக் எப்படி விழும்?"

வாட்ஸ்அப்பில் எந்தெந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன என்று காட்டும் 'லிங்க்டு டிவைசஸ்' பக்கத்தைத் திறந்தேன். யாருடையதோ ஒரு கம்ப்யூட்டர் அதில் இருந்தது. சில வாரங்களுக்கு முன்பு வேறொரு கடையில் ஆதார் பிரிண்ட் எடுக்க, அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் தெரிந்த வாட்ஸ்அப் க்யூஆர் கோடை அக்கா ஸ்கேன் செய்திருக்கிறார். பிரிண்ட் வந்தது, காசு கொடுத்தார், ஜீப்பைப் பிடிக்க ஓடிவிட்டார். லாக் அவுட் யாரும் செய்யவில்லை. ஒருமுறை இணைத்துவிட்டால் போன் அணைந்திருந்தாலும் கம்ப்யூட்டரில் மெசேஜ் வந்துகொண்டே இருக்கும், அங்கே யாராவது திறந்தால் நீல டிக் விழும். போனில் 14 நாளுக்கு மேல் வாட்ஸ்அப்பையே திறக்காமல் விட்டால்தான் அந்த இணைப்பு தானாக அறும். தினமும் திறப்பவருக்கு அது எங்கே அறப்போகிறது? அங்கேயே துண்டித்துக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் என் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் பார்த்தேன். ஆதார், பாஸ்புக், பட்டா, ஒரு பிள்ளையின் மார்க் ஷீட். எல்லாம் பிரிண்டுக்கு வந்து அப்படியே தங்கியவை. வெட்கமாகத்தான் இருந்தது.

இப்போது ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களிடம் குவிக் ஷேரில் அனுப்பச் சொல்கிறேன். முன்பு நியர்பை ஷேர் என்று இருந்ததுதான், 2024-ல் பெயர் மாறியது. ப்ளூடூத் பக்கத்துக் கருவியைத் தேடிப் பிடிக்கும், சுமையைத் தூக்குவது வைஃபை. அதனால் டேட்டா செலவில்லை, சிக்னல் இல்லாத தோட்டத்திலும் வேலை செய்யும். வெறும் ப்ளூடூத்தில் 500 எம்பி கல்யாண வீடியோவை அனுப்பினால் அரை மணி நேரமாவது ஆகும், இதில் ஓரிரு நிமிடம்தான். முக்கியமாக, கேட்ட ஃபைல் மட்டும் போகும், உங்கள் வாட்ஸ்அப் முழுவதும் போகாது. உங்கள் போன் பக்கத்தில் இருக்கும் 'எல்லோருக்கும் தெரியும்' என்ற அமைப்பை 10 நிமிடத்துக்கு மட்டும் வையுங்கள், நிரந்தரமாக வேண்டாம். ஐபோனின் ஏர்டிராப்பிலும் அதே 10 நிமிடக் கணக்குதான். தெரியாத பெயரிலிருந்து ஏதாவது வந்தால் ஏற்காதீர்கள்.

இன்னொன்று. ஃபைல் அனுப்ப உதவும் ஷேர்இட், ஸெண்டர் இரண்டும் 2020 ஜூனில் தடை செய்யப்பட்ட 59 செயலிகளில் சேர்ந்தவை. அவற்றை இன்னும் போனிலிருந்து போனுக்கு ஏபிகேவாக, அதாவது செயலியை நிறுவும் ஃபைலாக, கைமாற்றுகிறார்கள். 'கல்யாணப் பத்திரிகை.ஏபிகே' என்று வாட்ஸ்அப்பில் வருவதைத் தொட்டுவிட்டுப் பணம் போனதும் ஓடிவருபவர்களும் உண்டு. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும், ஏபிகேவாக வராது. பணம் போய்விட்டால் கடைக்கு வருவதற்கு முன் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு மீட்க வழி உண்டு.

ஆதாருக்கு முதல் 8 எண்களை மறைத்த பிரதியும் கிடைக்கிறது. ஏற்கும் இடங்களில் அதையே கொடுங்கள்.

பிரிண்ட் எடுத்ததும் ஃபைலை அவர்கள் கண் முன்னாலேயே அழிக்கிறேன், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. "அட விடுங்க தம்பி" என்று அவசரப்படுவார்கள். வெளியே ஜீப் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும்.