கொதிக்க வைத்தால் உப்பு போகுமா?

"தோல உரிச்சு, மஞ்சள் போட்டு, புளி ஊத்தி நல்லா கொதிக்க வச்சுத்தான் தம்பி குடுத்தேன்." போன வாரம் அவசரப் பிரிவு வாசலில் ஓர் அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உள்ளே பேரனுக்கு உதடும் நாக்கும் மரத்துப்போய், குடிக்கிற தண்ணீர் கடைவாயில் ஒழுகிக்கொண்டிருந்தது. தின்றது பேத்தை மீன், பந்து மாதிரி உப்பிக்கொள்ளுமே அதுதான், அதுவும் சினையோடு. இதே வசனத்தை எத்தனையாவது முறை கேட்கிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

சரி, இன்னொரு தடவை சொல்கிறேன். கொதிக்க வைத்தால் சாவது கிருமி. பேத்தையில் இருப்பது டெட்ரோடோடாக்சின் என்கிற நஞ்சு. குழம்பில் உப்பு கூடிப்போனால், இன்னும் அரை மணி நேரம் கொதிக்கட்டும், குறைந்துவிடும் என்று யாராவது விடுவீர்களா? வற்ற வற்றக் கரிக்கத்தானே செய்யும்? இதுவும் அப்படித்தான். புளிக்கும் மஞ்சளுக்கும் கட்டுப்படாது, கருவாடாக்கினாலும் போகாது, ஃபிரீசரில் வைத்தாலும் போகாது. "எங்க தாத்தா காலத்துல இருந்து திங்கிறோம்" என்பார்கள். ஒரே வலையில் விழுந்த இரண்டு பேத்தையில் ஒன்றில் நஞ்சு கொஞ்சமாக இருக்கும், மற்றது ஆளைச் சாய்க்கும். 1975இல் ஜப்பானின் கபுகி என்கிற மரபு நாடக நடிகர் எட்டாம் பாண்டோ மிட்சுகோரோ நான்கு பங்கு பேத்தை ஈரல் கேட்டு வாங்கித் தின்று இறந்தார், அதுவும் பேத்தை சமைக்கத் தனி உரிமம் கேட்கிற நாட்டில்.

மட்டி என்கிற சிப்பியும் இதே வகைதான். கடலில் நச்சுப்பாசி பெருகும்போது அதைத் தின்று நஞ்சைச் சேர்த்து வைக்கும், பார்த்தாலோ ருசித்தாலோ தெரியாது. 1981இல் நம் தமிழ்நாட்டுக் கடலோர வயலூரில் மட்டி சாப்பிட்டு 85 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், மூன்று பேர் திரும்பவில்லை.

இளம் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த நோயாளிக்குக் கை, கால், மூச்சு எல்லாம் நின்றாலும் பெரும்பாலும் நினைவு இருக்கும். அந்தப் பையன் வென்டிலேட்டரிலிருந்து வந்ததும் முதலில் கேட்டது, "சித்தப்பா ஊருக்கெல்லாம் சொல்லிவிடச் சொன்னாரே, சொல்லிட்டாங்களா?" பக்கத்தில் நின்று பேசுவதைப் பார்த்துப் பேசுங்கள்.

அப்புறம் சூரை, காணாங்கெளுத்தி. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்கிற வேதிப்பொருள் ஊறிவிடும், அதுவும் அடுப்புக்கு அசையாது. தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் அரிக்கும். மாத்திரையில் அடங்கிவிடும், ஆனால் "மீன் அலர்ஜி" என்று எழுதி அனுப்பி, பாவம், ஆயுசுக்கும் மீனை விட்டவர்கள் உண்டு. கெட்டது அந்த மீன், உங்கள் உடம்பு இல்லை.

பேத்தையைக் கரையில் போடாதீர்கள், பிள்ளைகள் பொறுக்கிப் போகும். வாய் மரத்துப்போனால் அடுத்த நிமிடம் 108. மோர், உப்புத்தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போகும். மாற்று மருந்து என்று ஊசி எதுவும் கிடையாது. விஷம் இறங்கும்வரை மூச்சை நாங்கள் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான், அதற்கு நீங்கள் நேரத்தோடு வர வேண்டும். மிச்சக் குழம்பைக் கொட்டிவிடாமல் ஒரு டப்பாவில் எடுத்து வாருங்கள். திட்ட மாட்டேன். அப்பத்தாவையும் திட்டவில்லை.